காளிமலைக்கு ஒரு சப் கமிட்டி

செல்லையன் வீட்டுக்கு கியர் சைக்கிள் வந்த அன்றிலிருந்து மோகனனுக்குச் சோறு இறங்கவில்லை.

பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற செல்லையனும், வெள்ளறடையில் ட்யூட்டோரியல் காலேஜில் கணக்கு எடுக்கிற மோகனனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. செல்லையனுக்கு மீசை முந்தி முளைத்தது. கல்யாணம் முந்தி நடந்தது. கான்கிரீட் வீடும் முந்தி வந்தது. இதையெல்லாம் மோகனன் பொறுத்துக்கொண்டான். மீசைக்கு உடம்புச் சூடு, கல்யாணத்துக்கு ஜாதக யோகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டான். சைக்கிளுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்காத பொறாமை இருக்கிறதே, அது வாயுத் தொல்லையை விட மோசம்.

மஸ்கட்டில் வேலை பார்க்கிற செல்லையனின் மச்சினன் லீவுக்கு வரும்போது கயிறு வரிந்து கட்டிக் கொண்டுவந்த வண்டி அது. நீல நிறம். சீட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். டயர் முழுக்கக் கட்டை கட்டையாய் ரப்பர் முள். ஏற்றத்துக்கு ஒரு கியர், இறக்கத்துக்கு ஒரு கியர் என்று ஏகப்பட்ட பல்சக்கரம். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது என்று மச்சினன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப மஸ்கட் போய்ச் சேர்ந்தான்.

மோகனனின் மனைவி விமலகுமாரி வேலிப்பக்கம் நின்று பார்த்தாள். "பாத்தியளா, என்ன அழகு அந்த சைக்கிள்!"

"மட்கார்டு கூட இல்ல. ஒரு மழை பெய்யட்டு, முதுகெல்லாம் சேறாக்கும்."

"சேறு பட்டா துவைச்சா போச்சு" என்றாள் அவள்.

மோகனன் சட்டையில் ஒரு பொட்டு மை பட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள் இவள். செல்லையன் முதுகுச் சேறு துவைத்தால் போச்சாம்!

அந்த வாரமே சாயாக்கடையில் வைத்துச் செல்லையன் சொல்லிவிட்டான்: "வாற ரண்டாம் சனியாழ்ச காளிமலைக்கு சைக்கிள்ல போய்ட்டு வாறேன். பத்துகாணி வழியா ரப்பர் தோட்டத்துல ஒரு ஒத்தையடிப்பாதை உண்டு. ஏறதுக்கு தள்ளணும், இறங்கதுக்கு ஓட்டணும். என்னலே மோகனா, கூட வாறியா?"

கூப்பிட்டதுதான் தாங்க முடியவில்லை. கூப்பிடாமல் இருந்திருந்தால் கூட மோகனன் சும்மா இருந்திருப்பான். தன்னுடைய பழைய கறுப்புச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகச் சமிதிக்குப் போனான்.

எல்லைதீபம் கலாகாயிக சமிதி என்பது அந்த நாட்டில், அதாவது ஊரில், கலையையும் விளையாட்டையும் வளர்ப்பதற்காக ஏற்பட்டது. அதற்கு ஒரு ஓட்டுக் கட்டிடம், ஒரு நீளப் பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வாலிபால் போட்டி நடத்துவதற்காக ஒருமுறை வரவேற்புக் கமிட்டி, பந்தல் கமிட்டி, சாப்பாட்டுக் கமிட்டி, ஒழுங்குக் கமிட்டி என்று போட்டார்கள். வலை வாங்குவதற்குக் கமிட்டி போட மறந்துபோனதால் போட்டி நடக்கவில்லை. உத்காடனம் என்கிற திறப்பு விழா மட்டும் நடந்தது. அது நல்ல உத்காடனம் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

சமிதியின் உயிர் அதன் நோட்டீசில் இருந்தது. வரவேற்பு, தலைமை, உத்காடனம், வாழ்த்து, நன்றி என்று மேலிருந்து கீழே பெயர் வரும். ஒருவனுக்கு ஊரில் என்ன மதிப்பு என்பதை அதில் அவன் பெயர் எந்த வரியில் கிடக்கிறது என்று பார்த்தால் தெரியும். மோகனனுக்கு எப்போதும் நன்றி. அவன் மைக்கைப் பிடிக்கும்போது எதிரே மைக்செட்காரன் மட்டும் வயரைச் சுருட்டக் காத்துக்கொண்டு நிற்பான். செல்லையனோ சந்தா கூட ஒழுங்காகக் கட்டாதவன், அவனுக்கு வாழ்த்து. நன்றிக்கு மேலே வாழ்த்து! இந்த ஒரு வரியின் உயரத்தை மோகனன் வருஷக்கணக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவசரக் கூட்டம் கூடியது.

"செல்லையனுக்க சைக்கிளுக்கு எதிரா எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மோகனன் ஆரம்பித்தான். ஏதோ இருக்கிறவன்தான் அப்படி ஆரம்பிப்பான். "அவன் எனக்க கூட்டுக்காரனாக்கும். ஆனா ஒத்தைக்கு மலையில போய் விழுந்து காலு ஒடிஞ்சா கெட்ட பேரு ஆருக்கு? நம்ம நாட்டுக்கு. ஒரு சமிதி இருக்கப்பட்ட நாட்டுல ஒருத்தன் சமிதி இல்லாம மலை ஏறலாமா?"

தலைவர் தாணுமாலயன் எழுந்தார். தண்ணீர் சம்பந்தப்பட்ட ஏதோ ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத நேரியல் துண்டு.

"நான் ஜீவிதத்துல சைக்கிள் சவுட்டினது இல்ல" என்றார். "அதுனால எனக்கு இந்த விஷயத்துல பாரபட்சம் கிடையாது. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு சைக்கிள் பெரிசா தோணும், ஒண்ணு சின்னதா தோணும். எனக்கு எல்லா சைக்கிளும் ஒண்ணாக்கும். முப்பது வருஷம் ஆபீசுல இருந்தேன். ஒரு அணைக்கட்டை நேருல பாத்தது இல்ல. ஆனா நான் ஒப்பு போடாம ஒரு சொட்டு தண்ணி கால்வாயில போனது இல்ல."

அவர் காலத்தில் கால்வாயில் தண்ணீரே போனதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

செயலாளர் வேலாயுதன் கூட்டுறவுச் சங்க குமாஸ்தா. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இருபது வருஷமா இந்த சமிதியில ஒரு விபத்து உண்டா? ஒருத்தனுக்க கை ஒடிஞ்சது உண்டா? இல்ல. ஏன் இல்ல? நாம ஒரு விளையாட்டும் நடத்தல்ல. அதாக்கும் நம்ம கட்டுப்பாடு! இந்தக் கட்டுப்பாட்டை மலையிலயும் காப்பாத்தணும். அதுவும் காளிமலை எல்லையிலயாக்கும். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. இது சைக்கிள் சவாரி இல்ல, ரண்டு சம்ஸ்தானத்துக்க காரியம்!"

தீர்மானம் ஆனது. சவாரி சமிதியின் பேரில் நடக்கும். உபகரணம் தேர்ந்தெடுக்க ஒரு சப் கமிட்டி, அதன் கன்வீனர் மோகனன். முதலில் மலையேறுகிற ஆளும் மோகனனே. செல்லையனின் சைக்கிள் பரிசோதனைக்காகச் சமிதியில் இருக்கும். அதுவரை செல்லையன் சந்தைக்குப் போகக் கன்வீனரின் கறுப்புச் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். செல்லையனுக்கு நோட்டீசில் வழக்கம்போல வாழ்த்து.

முதலில் ஏறுகிற ஆள்! நோட்டீசில் அந்த வரி வாழ்த்துக்கு மேலே வரும். மோகனனுக்கு அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கத் தோன்றியது. நீலச் சைக்கிளில் தான் காளிமலை ஏறுவதையும், ஜங்ஷனில் விமலகுமாரி நின்று பார்ப்பதையும் நினைத்து நினைத்துச் சாப்பிட்டான்.

செல்லையன் ஒரு மறுப்பும் சொல்லாமல் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். "நாட்டு காரியம் இல்லியா, எடுத்துக்கிடுங்க மக்கா" என்றான். சண்டை போட்டிருந்தால் மோகனனுக்கு இன்னும் கொஞ்சம் ருசியாக இருந்திருக்கும்.

பரிசோதனை தொடங்கியது. தலைவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"இந்த சீட்டு மனுஷனுக்கு உள்ளதில்ல" என்று அறிவித்தார்.

அகலமான ஸ்பிரிங் சீட்டு வேண்டும் என்று முடிவானது. புதிதாக எதற்கு வாங்க வேண்டும், கன்வீனர் சைக்கிளில் உண்டே? செல்லையன் அந்த வழியாக வந்தபோது நிறுத்திச் சீட்டைக் கழற்றி நீலத்தில் மாட்டினார்கள். கறுப்புச் சைக்கிள் சீட்டில்லாமல் போகுமா? நீலத்தின் குட்டிச் சீட்டை அதில் மாட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் மட்கார்டு. தலைவரின் நேரியலில் சேறு தெறித்தால் சமிதிக்கு இழுக்கு. தலைவர் மலைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. கறுப்பிலிருந்து இரண்டு மட்கார்டும் நீலத்துக்கு வந்தன. பிறகு முதலுதவிப் பெட்டி வைக்க கேரியர் வேண்டுமென்றார்கள். பெட்டிச் சாவி பொருளாளரிடம் இருக்கும், பொருளாளர் சவாரிக்கு வரமாட்டார் என்பதும் அதே தீர்மானத்தில் உண்டு. மலையில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க பெல். மேகம் இருட்டினால் டைனமோ, விளக்கு. மேடையில் நிறுத்த ஸ்டாண்ட். எல்லாம் கன்வீனர் சைக்கிளில் உண்டே!

"எடுங்க, எடுங்க" என்று செல்லையன் தானே ஸ்பானரைப் பிடித்துக் கொடுத்தான். "பாரம் குறைஞ்சா நல்லதாக்கும்."

வேட்டி சிக்காமல் இருக்க செயின் கவர் மாட்டப் பார்த்தபோது கியர் சக்கரங்கள் இடித்தன. நீண்ட விவாதம் நடந்தது. "இத்தன கியர் இருந்தா இத்தன அபிப்பிராயம் வரும்" என்றார் வேலாயுதன். "ஒரு சமிதிக்கு ஒரு தீர்மானம் போரும். ஒரு சைக்கிளுக்கு ஒரு கியர் போரும்." கியர்களைக் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் வாலிபால் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் டயர். அந்த ரப்பர் முள் தரையில் உராய்ந்து ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, மைக்கில் பேசும்போது இடைஞ்சல் என்று ஒரு புகார் வந்தது. ரப்பர் என்றால் அந்த நாட்டில் என்ன செய்வார்கள்? சீவுவார்கள். ரப்பர் பால் வெட்டுகிற ஆள் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் டாப்பிங் கத்தியை எடுத்து, மரத்துப் பட்டையில் இழுப்பது போலவே சுற்றிச் சுற்றி இழுத்து, டயரை மொழுமொழுவென்று ஆக்கிக் கொடுத்தான். பால் வரவில்லை என்று ஒருவன் ஜோக் அடித்தான். தலைவர் அவனை முறைத்தார்.

மோகனன் ஆசைப்பட்ட சைக்கிள் கண்ணெதிரே ஒவ்வொரு பாகமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நிறம் நீலம்தானே? அதையாவது விட்டுவைத்தார்களே என்று நினைத்த அன்று வேலாயுதன் ஒரு டப்பா கறுப்புப் பெயின்டோடு வந்தார். நீலம் ஏதோ ஒரு கட்சியின் நிறம் மாதிரித் தோன்றுகிறதாம். எந்தக் கட்சி என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஆளுக்கான உபகரணம். ஹெல்மெட் சமிதிச் சொத்து, ஆகவே சமிதியிலேயே பெரிய தலைக்குப் பொருந்த வேண்டும் என்று தலைவரின் தலையை அளந்து ஒரு ஸ்கூட்டர் ஹெல்மெட் கொண்டுவந்தார்கள். மோகனன் போட்டுக்கொண்டால் அது மூக்கு வரை இறங்கியது. மகளிர் பிரிவுத் தலைவி ஜெயபாய் கையுறை பின்னிக் கொடுத்தாள். கம்பளியில். "மலையின்னா குளிரும்லா?" என்றாள். முழங்கால் முட்டுக்கு உறை ஒன்றுதான் இருந்தது. அதனால் விழுவதாக இருந்தால் வலப்பக்கம் விழ வேண்டும் என்று மோகனனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பயிற்சி மாலை நேரங்களில் சமிதி ஹாலில் நடந்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, மோகனன் ஏறி மிதிக்க வேண்டும். வேலாயுதன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போடுவார். "இப்பம் ரப்பர் தோட்டம்... இப்பம் பாறை!" பாறை என்றதும் இரண்டு உறுப்பினர்கள் பின்னால் இருந்து சைக்கிளைப் பிடித்துக் குலுக்குவார்கள். மழை என்றதும் ஒருவர் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். மோகனன் ஹாலை விட்டு ஒரு அங்குலம் நகராமல் நனைந்து, வேர்த்து, மூச்சு வாங்கினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்லையன் வாசலைக் கடந்து போவான். சீட்டு, மட்கார்டு, கேரியர், பெல், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாம் உரிந்துபோன மோகனனின் சைக்கிளில், குட்டிச் சீட்டின் மேலே, முதுகு முழுக்கச் சேற்றோடு.

"எங்கலே போயிட்டு வாற?" என்று மோகனன் ஒருநாள் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"சும்மா, தோட்டத்துல ஒரு சவுட்டு. உனக்க வண்டி இப்பம் பறக்குலே!" செல்லையன் சிரித்தான். இடது முழங்காலில் பெரிய சிராய்ப்பு, ரத்தம் காய்ந்திருந்தது.

மோகனன் அந்தச் சிராய்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் மேல் அவனுக்கு ஆசையாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது அவன் காலில் இருக்க வேண்டிய காயம்.

இரண்டாம் சனிக்கிழமை பனச்சமூடு ஜங்ஷனில் மேடை போட்டார்கள். பாறசாலையிலிருந்து மைக்செட். மேடை நடுவில் சைக்கிளுக்கு மாலை. அதன் மேல் மோகனன் காலையிலிருந்தே முழு உபகரணத்தோடு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். விமலகுமாரி முன்வரிசையில் நாற்காலி பிடித்திருந்தாள். அவள் முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் அடியிலிருந்து பார்த்தால் கால்தான் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் வரும் வழியில், உதியன்குளங்கரையில் வேறொரு உத்காடனத்தில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். வேலாயுதன் வரவேற்றுவிட்டு, வந்தவர்களை மறுபடியும் வரவேற்றார். தாணுமாலயன் தலைமையுரையில் பிரகடனம் செய்தார்:

"மலை உயரமானது. அத நான் சொல்லித்தான் நீங்க அறியணும் என்று இல்ல. ஆனா அந்த மலைக்கு ஆரு போனாலும், போறதுக்கு முந்தி இங்க வந்து எனக்கிட்ட சொல்லிட்டுப் போற நிலைமையை நாம உண்டாக்கியிருக்கோம். இனிமே மலையில ஏறினாலும் ஏறல்லேங்கிலும் ஒண்ணுதான். அனுமதி வாங்கியாச்சா என்பதாக்கும் கேள்வி!"

வாழ்த்துக்குச் செல்லையன் பெயரை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆளைக் காணவில்லை. மோகனனுக்குக் கம்பளிக்குள் கையெல்லாம் குளிர்ந்தது. வாழ்த்துச் சொல்ல வராமல் அவன் எங்கே போய்த் தொலைந்தான்?

மதியம் தாண்டி விருந்தினர் வந்தார். விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு, காரில் ஏறினார். கொடி வீசுவதற்கு முன் நன்றி சொல்லி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றார் வேலாயுதன். நன்றிக்கு யார் பெயர்? நோட்டீசின் கடைசி வரி. அங்கேயும் மோகனன்தான்!

"அப்பம் நான் எப்பம் சார் மலைக்குப் போறது?"

"நன்றி சொல்லு மக்கா, போவலாம். மலை எங்கயும் ஓடிப் போவாது."

மோகனன் சைக்கிளில் இருந்தபடியே மைக்கைப் பிடித்தான். மழை தூறத் தொடங்கியது. கூட்டம் எழுந்தது. மைக்செட்காரன் வயரில் கை வைத்தான். தலைவருக்கு, செயலாளருக்கு, விருந்தினருக்கு, மகளிர் பிரிவுக்கு என்று அவன் சொல்லிக்கொண்டு வரும்போது பத்துகாணி ரோட்டில் ஒரு கூச்சல் கேட்டது.

செல்லையன் வந்துகொண்டிருந்தான். தலை முதல் கால் வரை செம்மண். இறக்கத்தில் வேகம் பிடிக்காமல் இருக்க சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த ஒரு முழு ரப்பர் மரக் கொம்பு ரோட்டைப் பெருக்கிக்கொண்டே வந்தது. மடித்துக் கட்டிய கைலியில் மலை நெல்லிக்காய். கலைந்து போன கூட்டம் முழுக்கத் திரும்பி அவனை மொய்த்தது.

"காளிமலைக்குப் போயிட்டா வாற?"

"ஆமா. பாதி தூரம் தோளுல தூக்கினேன். இறங்கும்பம் ரண்டு தடவை விழுந்தேன். அப்பாடி, என்ன சுகம்!" நெல்லிக்காயை அள்ளி அள்ளிக் கொடுத்தான்.

மோகனன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். அப்போதுதான் விமலகுமாரியின் முகம் தெரிந்தது. அவள் கூட்டத்துக்கு நடுவில் நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அது எங்க சைக்கிளாக்கும்! பாத்தியா, என்ன அழகு!"

மோகனன் கையிலிருந்த மைக் இன்னும் உயிரோடு இருந்தது. தாணுமாலயன் அவன் காதருகே குனிந்தார். "செல்லையனுக்கும் ஒரு நன்றி சொல்லிரு. சமிதிக்க பேருல அவன் மலை ஏறியிருக்கான் என்று தீர்மானம் எழுதியாச்சு. இனி நீ போவாண்டாம்."

"நன்றி" என்றான் மோகனன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது பனச்சமூடு முழுக்கக் கேட்டது.

மழை வலுத்து ஜங்ஷன் காலியானபோது இருவரும் இரண்டு சைக்கிளோடு சாயாக்கடைத் தாழ்வாரத்தில் நின்றார்கள். மாலை தொங்கும் ஒன்று, ரப்பர்க் கொம்பு தொங்கும் ஒன்று. இரண்டும் கறுப்பு. செல்லையன் மேடைச் சைக்கிளின் மொழுக்கை டயரைத் தடவிப் பார்த்தான். முகத்தில் ஒரு வருத்தமும் காணோம்.

"எலே மோகனா, உனக்கு இந்த மஸ்கட்டு வண்டி மேல ஆசை உண்டு என்று எனக்குத் தெரியும். நீயே வச்சுக்க. உனக்க பழையத எனக்குத் தா. நம்ம மலைக்கு அதாக்கும் வண்டி."

எந்தச் சைக்கிளுக்காகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தானோ அது இனாமாக எதிரே நின்றது. மோகனன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இது எனக்க சைக்கிள். தரமாட்டேன்."

"சரி, வேண்டாம். அப்பம் எனக்க சீட்டயாவது கழட்டித் தா."

மோகனன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"சீட்டு சமிதித் தீர்மானப்படி மாட்டினதாக்கும். சும்மா கழட்ட முடியாது. அதுக்கு ஒரு சப் கமிட்டி போடணும். நான் கன்வீனர் இல்லியா, ஆலோசிச்சுச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். ரப்பர்க் கொம்பும் பின்னாலேயே வந்தது. உள்ளங்கை அகலச் சீட்டு, உட்கார்ந்த உடனே உயிர் போகிற வலி. மழை கொட்டுகிறது, மட்கார்டு இல்லாத சக்கரம் முதுகில் சேற்றை வாரி அடிக்கிறது. எழுந்து நின்று மிதிக்கலாம்தான். ஆனால் பின்னால் செல்லையன் பார்த்துக்கொண்டு நிற்கிறானே? மோகனன் இன்னும் நன்றாக அழுந்த உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வீடு வரை சிரித்தபடி போனான்.